வெர்லீன் பேசிய ஹோசியா

வெர்லீன் பிளெட்சோவின் தொண்டைக்குள் அவள் கணவர் குடியிருந்தார். சமையலறைச் சுவரில் தொங்கும் தொலைபேசி மணியடித்து, அந்தப் பக்கம் யாராவது "மிஸ்டர் பிளெட்சோ இருக்காரா?" என்று கேட்டால் போதும். "ஒரு நிமிஷம் இருங்க" என்று தன் குரலில் சொல்லுவாள். ரிசீவரை இடது காதிலிருந்து வலது காதுக்கு மாற்றுவாள். ஒரு கனைப்புக் கனைப்பாள். அப்புறம் அடித்தொண்டையிலிருந்து கரகரவென்று ஓர் ஆண்குரல் எழும்பி வரும்: "பிளெட்சோ பேசறேன். என்ன விஷயம்?"

அசல் ஹோசியா பிளெட்சோ பெரும்பாலும் அதே சமையலறை மேசையில்தான் உட்கார்ந்திருப்பார். மக்காச்சோள ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, தான் என்னென்ன பேசுகிறோம் என்று காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். சில சமயம் தான் சொன்ன பதில் பிடித்துப்போய்த் தலையாட்டுவதும் உண்டு.

ஹோசியாவுக்குத் திக்குவாய். வெர்லீனோடு பேசும்போது திக்கல் பாதியாகக் குறையும். பஸ் டெப்போவில் உடன் வேலை பார்க்கும் மெக்கானிக்குகளோடு எப்படியோ சமாளிப்பார். அங்கே பேச்சைவிட ஸ்பேனருக்குத்தான் வேலை. ஆனால் தொலைபேசியைக் காதில் வைத்தால் மொத்தமும் அடைத்துக்கொள்ளும். அதிலும் தன் பெயர் என்றால் கேட்கவே வேண்டாம். பிளெட்சோ என்பதன் முதல் எழுத்தில் உதடு ஒட்டிக்கொண்டால் ஒட்டிக்கொண்டதுதான். பாதிரியார் ஒருமுறை, பாட்டாகப் பாடினால் திக்காது, பாடிப் பாருங்கள் பிரதர் என்றார். மின்சார ஆபீசுக்குப் போன் போட்டுப் பாட்டுப் பாடுகிற அளவுக்கு இன்னும் கெட்டுப்போகவில்லை என்று ஹோசியா பதில் சொல்லிவிட்டார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் பிரசங்க நேரம் வந்துவிட்டது.

கல்யாணமான புதிதில், வேலைக்காக ஒரு டயர் தொழிற்சாலைக்கு ஹோசியாவே போன் செய்தார். பெயர் என்ன என்று கேட்டார்கள். அவர் முயன்றுகொண்டிருக்கும்போதே, எவனோ விளையாடுகிறான் என்று வைத்துவிட்டார்கள். மறுபடி போட்டார். மறுபடியும் வைத்துவிட்டார்கள். ரிசீவரை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்த கோலத்தை வெர்லீனால் பார்க்க முடியவில்லை. பிடுங்கினாள், கனைத்தாள், தானே ஹோசியா ஆனாள். மறுநாள் நேரில் வரச் சொன்னார்கள். போய் ஒரு எந்திரத்தைக் கழற்றி மாட்டிக் காண்பித்ததும் வேலை கிடைத்தது. அன்றைக்குப் பிடித்த பழக்கம், இருவருக்கும் அறுபது தாண்டியும் விடவில்லை.

இதில் ஒரு விசேஷம். வெர்லீன் பேசிய ஹோசியாவுக்கும் வீட்டில் இருந்த ஹோசியாவுக்கும் குணத்தில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இவர் சாது. அவரோ முன்கோபி. வெர்லீன் ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு தேவாலய வாசலில் நின்று வருகிறவர்களை இடம்பார்த்து உட்காரவைப்பவள். ஒரு கடுஞ்சொல் அவள் வாயில் வராது என்று ஊரே சொல்லும். வராதுதான். அத்தனையும் மிஸ்டர் பிளெட்சோ வாயில் வந்தது. கடன் வசூல்காரர்கள் அந்தப் பெயரைக் கேட்டாலே பெருமூச்சு விட்டார்கள் என்று கேள்வி.

வசூல்காரர்கள் வந்து சேர்ந்த கதை நீளமானது, ஆனால் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் யாருக்கும் புதியதில்லை. ஒரு புயலில் பக்கத்து ஓக் மரம் கூரைமேல் விழுந்தது. கூரை போடுகிறேன் என்று முன்பணம் வாங்கிய ஆள் தலைமறைவானான். வீட்டை வைத்துக் கடன் வாங்கிக் கூரை போட்டார்கள். போட்ட கையோடு வெர்லீனுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை. பல வருஷமாக ஆஸ்பத்திரிச் சமையலறையில் நின்றே நோயாளிகளுக்குத் தட்டு நிரப்பியவள், அதே ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்ததும் வந்த பில்லைப் பார்த்து மறுபடி படுத்துக்கொண்டாள். காப்பீடு பாதியைத்தான் கொடுத்தது. மீதியைக் கட்ட, வரப்போகிற சம்பளத்தின்மேல் வட்டிக்குக் கொடுக்கிற கடன் கடைக்குப் போனார்கள், அதைக் கட்ட அடுத்த கடைக்குப் போனார்கள். வீட்டுத் தவணை நின்றுபோனது. கடைசியில் கடிதம் வந்தது. வருகிற வியாழக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, கோர்ட் வாசல் படியில் வீடு ஏலம்.

ஹோசியாவின் அப்பா ரயில்வேயில் கூலி வேலை பார்த்துக் கட்டிய வீடு அது. ஹோசியா பெயரில் இருந்தது. முன்பக்கம் இரண்டு அறை, பின்பக்கம் வெர்லீனின் தக்காளிச் செடிகள், பக்கவாட்டில் தார்ப்பாய் மூடிய ஒரு சின்ன அலுமினியப் படகு, அதை இழுத்துப்போக ஒரு பழைய வண்டி. அவ்வளவுதான் சொத்து. ஆனால் அதைவிட்டு வேறெங்கும் தூக்கம் வரும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

திவால் மனு போடுவது மெம்ஃபிஸில் ஒளித்துவைக்கிற விஷயம் இல்லை. தேவாலயத்தில் உங்களுக்கு எந்த வக்கீல் என்று கேட்டுக்கொள்வார்கள், பல் டாக்டரை விசாரிப்பதுபோல. பஸ் நிறுத்தத்துப் பெஞ்சுகளில் எல்லாம் வக்கீல்களின் முகம் அச்சடித்திருக்கும். டெல்ஃபின் கிரட்சர் என்ற வக்கீலம்மாவின் முகத்தின்மேல்தான் வெர்லீன் தினமும் உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். அதனால் திங்கட்கிழமை நேரில் பார்த்தபோது அவளுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

வக்கீலம்மா விவரமானவர். மனு பதிவான நிமிஷமே ஏலம் நிற்கும் என்றார். அப்புறம் மாதாமாதம் சம்பளத்தில் ஒரு தொகையைக் கோர்ட் நியமித்த அதிகாரி பிடித்துக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். ஐந்து வருஷத்தில் தலைநிமிரலாம், வீடும் கையைவிட்டுப் போகாது. வெர்லீனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வக்கீலம்மா ஆள்காட்டி விரலைத் தூக்கினார்.

"ஆனா மிஸ் வெர்லீன், மனு போடறதுக்கு முன்னாடி நீங்க ரெண்டு பேரும் கடன் ஆலோசனை கேட்டாகணும். சட்டம். அரசாங்கம் அங்கீகரிச்ச நிறுவனம் ஒண்ணு இருக்கு, போன்லயே ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும். ரெண்டு பேருக்கும் தனித்தனி சான்றிதழ் வரும். அது இல்லாம மனு போட்டா கோர்ட் தூக்கி எறிஞ்சிடும். புரியுதா? ரெண்டு பேரும்."

வெர்லீன் பலமாகத் தலையாட்டினாள். அவள் காதில் "போன்லயே" என்ற சொல் விழுந்ததோடு சரி. அதற்கப்புறம் வக்கீலம்மா சொன்னதெல்லாம் ஜன்னல் வழியே போய்விட்டது. போன் என்றால் அது தன் இலாகா. இதில் ஹோசியாவுக்கு என்ன வேலை?

செவ்வாய்க்கிழமை ஹோசியாவுக்கு விடுமுறை. விடியற்காலையிலேயே ஏரிக்கு மீன்பிடிக்கக் கிளம்பிவிட்டார். வெர்லீன் காப்பியைப் போட்டுக்கொண்டு போனை எடுத்தாள். அந்தப் பக்கம் கோரி என்ற பையன், நெப்ராஸ்கா மாநிலத்தில் எங்கோ இருந்து. மரியாதையான பிள்ளை. வரவு என்ன, செலவு என்ன, கடன் எங்கெங்கே, திவாலுக்குப் போகாமல் வேறு வழி உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே அழைப்பில் ஆலோசனை சொல்லலாம், ஆனால் இருவருமே பதில் சொல்லவேண்டும் என்றான். அதற்கென்ன, சொன்னார்கள். ரிசீவர் இடது காதுக்கும் வலது காதுக்கும் போய் வந்து வெர்லீனின் கழுத்து சுளுக்கிக்கொண்டது.

செலவில் எதைக் குறைக்கலாம் என்று கோரி கேட்டதும் சூடு பிடித்தது. கேபிள் டிவியை வெட்டலாம் என்றாள் வெர்லீன். முடியாது, எனக்குக் குத்துச்சண்டை பார்க்கவேண்டும் என்றார் மிஸ்டர் பிளெட்சோ. குத்துச்சண்டை பார்க்காமல் யாராவது செத்துப்போயிருக்கிறார்களா என்றாள் வெர்லீன். இருவருக்கும் வாக்குவாதம் முற்றி, கோரிதான் குறுக்கே விழுந்து சமாதானம் செய்தான். கேபிள் போனது. சனிக்கிழமை சிகையலங்காரத்துக்குப் போகிற செலவை வெர்லீன் தானாகவே விட்டுக்கொடுத்தாள். இந்த வயதில் தலையை யார் பார்க்கப்போகிறார்கள் என்றாள். அப்போது கோரி தயங்கித் தயங்கிப் படகு ஒன்று இருக்கிறதே என்றான்.

ரிசீவர் வலது காதுக்குப் போனது. பிறகு அடித்தொண்டையிலிருந்து குரல் வந்தது. "வித்துடலாம் தம்பி. வீட்டைவிடப் படகா பெரிசு?" இதைக் கேட்டு வெர்லீனுக்கே கண் கலங்கிவிட்டது. எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை சாயங்காலம் கையெழுத்துப் போட இருவரும் வக்கீலம்மா முன்னால் உட்கார்ந்தார்கள். இரண்டு சான்றிதழும் வந்து சேர்ந்திருந்தன. வக்கீலம்மா பக்கம் பக்கமாகப் புரட்டி, எதில் கையெழுத்து என்று காட்டி, சாரத்தை மட்டும் வாசித்துக்கொண்டே போனார். ஹோசியா கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு நிதானமாகப் போட்டுக்கொண்டே வந்தார். ஆலோசனையின்படி செலவுக் குறைப்பு என்ற பக்கம் வந்தது. கேபிள் டிவி ரத்து. சரி. சிகையலங்காரம் ரத்து. ஹோசியா வெர்லீனைத் திரும்பிப் பார்த்தார். மோட்டார் பொருத்திய அலுமினியப் படகு, கணவர் சம்மதத்தின்பேரில் விற்கப்படும்.

ஹோசியா பேனாவைக் கீழே வைத்தார்.

"நா... நான் எப்ப ஒத்துக்கிட்டேன்?"

"செவ்வாய்க்கிழமை ஆலோசனையில, மிஸ்டர் பிளெட்சோ. நீங்களே சொல்லியிருக்கீங்க."

வெர்லீன் கூரையில் சுற்றும் விசிறியைக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தாள்.

"செவ்வாய்க்கிழமை நான் ஏ... ஏரியில இருந்தேன்," என்றார் ஹோசியா. "அந்தப் ப... படகுலதான்."

வக்கீலம்மா மனைவியைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், மறுபடி மனைவியைப் பார்த்தார். கேட்கவேண்டியதைக் கேட்டார். வெர்லீன் எல்லாவற்றையும் சொன்னாள். காது மாற்றுவது, கனைப்பது உட்பட. சொல்லும்போது அவளுக்கு இதில் தப்பாக எதுவும் படவில்லை. நாற்பது வருஷமாக மின்சார ஆபீஸ், தண்ணீர் ஆபீஸ், பள்ளிக்கூடம், டாக்டர், எல்லோரிடமும் ஹோசியாவாகப் பேசியவள் அவள். ஒருத்தரும் குறை சொன்னதில்லை. ஆனால் வக்கீலம்மா ஹோசியாவின் சான்றிதழை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். இதைத் தாக்கல் செய்தால் பொய்ச் சத்தியம், உங்களுக்கும் ஆபத்து, எனக்கு வக்கீல் தொழிலே போய்விடும் என்றார். வெர்லீன் மட்டும் தனியாக மனு போடலாமா? போடலாம், ஆனால் வீடு ஹோசியா பெயரில், அதன் மேலுள்ள கடனும் அவர் பெயரில். வீட்டைக் காப்பாற்ற ஹோசியாதான் மனு போடவேண்டும். மறுநாள் மத்தியானம் ஏலம்.

வக்கீலம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். ஒரு வழி உண்டு என்றார். உடல்குறையால் ஆலோசனையில் கலந்துகொள்ளவே முடியாதவர்களுக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. நீதிபதியிடம் கேட்கவேண்டும், தருவாரா என்பது அவர் பாடு. திக்குவாய் என்று எழுதிக் கேட்டுப் பார்க்கலாம்.

"எழுதுங்க," என்றாள் வெர்லீன். "அதையே எழுதுங்க மேடம். ஹோசியாவால போன் பேச முடியாது. ஊருக்கே தெரியும். நான் எந்த பைபிள் மேல வேணாலும் சத்தியம் பண்றேன்."

"மு... மு..." என்றார் ஹோசியா.

"பாத்தீங்களா?"

"முடியும்," என்றார் ஹோசியா.

நாளைக்கு வீடு போய்விடும், இது வீம்பு பிடிக்கிற நேரமா என்று வெர்லீன் அவர் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டாள். தெரியும் என்பதுபோல் அவர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். ஆனால் முடியாது என்று எழுதிய தாளில் தன்னால் கையெழுத்துப் போட முடியாது, அதுவும் பொய்தானே என்றார். இதைச் சொல்லி முடிக்க அவருக்குக் கணிசமான நேரம் பிடித்தது. வக்கீலம்மா கடிகாரத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டார். அதற்காகவே வெர்லீனுக்கு அவரைப் பிடித்துப்போனது, இனி அந்தப் பெஞ்சில் முகத்தைத் தவிர்த்து ஓரமாக உட்காரவேண்டும் என்று தீர்மானித்தாள்.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் அவள் பலவிதமாகக் கெஞ்சிப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன், எங்கே மாட்டிக்கொள்கிறாயோ அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொடுக்கிறேன். பெயரை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன். ஹோசியா பொரித்த மீனைக் காட்டி, ஆறிப்போகிறது, சாப்பிடு என்றார்.

காலையில் வக்கீலம்மா தன் பின்னறையை ஒழித்துக் கொடுத்தார். ரிசீவரைக் காதில் வைத்தால் அடைப்பு அதிகமாகும் என்று, ஒலிபெருக்கியுள்ள போனை ஹோசியாவே கேட்டு வாங்கிக்கொண்டார். வெர்லீனுக்கு வெளியே தாழ்வாரத்தில் நாற்காலி. கதவு பாதி திறந்திருந்தது. அவள் கைப்பையைத் திறந்து, தேவாலயத்தில் இருமல் வராமலிருக்க வைத்திருக்கும் பெப்பர்மின்ட் மிட்டாய்களை எடுத்து, இரண்டு கன்னத்திலும் அடக்கிக்கொண்டாள். வாயை மூட அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அது.

முதல் அழைப்பை ஒரு பெண் எடுத்தாள். வணக்கம் சொன்னாள், பெயர் கேட்டாள். "ஹோசியா பி..." என்ற வரைக்கும் வந்தது. அதற்குமேல் வரவில்லை. ஹலோ, ஹலோ, கேட்கிறதா சார் என்றாள் அந்தப் பெண். லைன் சரியில்லை போல என்று அவளே முடிவுகட்டிக்கொண்டு வைத்துவிட்டாள்.

வெர்லீன் எழுந்துவிட்டாள். டயர் தொழிற்சாலைக்குப் போன் போட்ட அந்தப் பழைய நாள் அப்படியே கண்முன் வந்தது. மடியில் ரிசீவரோடு உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளையாண்டானின் முகம். கதவருகே போய்க் கனைப்பதற்கு வாயைத் திறந்தாள். உள்ளிருந்து ஹோசியா உள்ளங்கையை உயர்த்திக் காட்டினார். அவள் நின்றாள். அவர் மறுபடி எண்களை அழுத்தினார்.

இந்தத் தடவை, ஆச்சரியம், கோரியே எடுத்தான். இந்தத் தடவையும் பிளெட்சோ வெளியே வர நேரமானது. ஆனால் பையன் காத்திருந்தான். கடைசியில் வந்து விழுந்தது. வெர்லீன் சுவரில் சாய்ந்துகொண்டாள். கண்டம் தாண்டியாயிற்று என்று அவள் நினைத்தபோதுதான் புதுக் கண்டம் வந்தது.

"மன்னிக்கணும் சார்," என்றான் கோரி. "மிஸ்டர் பிளெட்சோகூட நான் செவ்வாய்க்கிழமையே ஒரு மணி நேரம் பேசியிருக்கேன். அவர் குரல் எனக்கு நல்லாத் தெரியும். நீங்க அவர் இல்ல."

ஹோசியா தான்தான் ஹோசியா என்றார். கோரி நம்பவில்லை. மற்றவர் பெயரில் ஆலோசனை கேட்பது குற்றம் சார் என்று எச்சரித்தான். மிஸ்டர் பிளெட்சோ கணீரென்று பேசுவார், கொஞ்சம் கோபக்காரர், ஆனால் நல்ல மனுஷர் என்று சாட்சி வேறு சொன்னான். தாழ்வாரத்தில் வெர்லீனுக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

"அது எ... என் பொண்டாட்டி," என்றார் ஹோசியா.

நெப்ராஸ்காவில் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"சார், அவங்க ரெண்டு பேரும் கேபிள் டிவிக்காக சண்டை போட்டாங்க. நான்தான் விலக்கி விட்டேன்."

"அவ அப்படித்தான். நான் இல்லாதப்பவும் எ... என்கூட சண்டை போடுவா."

கோரி சிரிக்கக்கூடாது என்று பார்த்தான், முடியவில்லை. சிரித்து முடித்துத் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, இதை மேலதிகாரியிடம் சொல்லவேண்டும் என்றான். வக்கீலம்மா உள்ளே போய் நடந்ததை ஒப்புக்கொண்டு விளக்கினார். மேலதிகாரியைக் கேட்டுவிட்டு வந்து, மிஸ்டர் பிளெட்சோவின் பழைய சான்றிதழை ரத்து செய்கிறோம், எல்லாக் கேள்வியையும் மறுபடி முதலிலிருந்து கேட்கவேண்டும், ஒன்றையும் சுருக்க முடியாது, பரவாயில்லையா என்றான் கோரி. மணி பத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. பரவாயில்லை என்றார் ஹோசியா. ஆனால் ஆரம்பிப்பதற்கு முன்னால் தனக்கு ஒன்று சொல்லவேண்டும் என்றார்.

"போன்ல க... கத்தற மிஸ்டர் பிளெட்சோ நான் இல்ல தம்பி. ஆனா அவ எனக்காகத்தான் கத்தினா. உங்க பக்கத்துல யாரையாவது அவன் தி... திட்டியிருந்தா, நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

வெர்லீனுக்கு முகம் சூடானது. முதலில் ரோஷம்தான் வந்தது. இவருக்காகத் தொண்டை கிழியப் பேசினால் இவர் மன்னிப்புக் கேட்கிறாராம். அந்த ரோஷம் அடங்கினதும் வேறொன்று தெரிந்தது. ஹோசியா ஒருநாளும் யாரிடமும் கத்தியவர் இல்லை. அத்தனை வருஷமும் அவர் பெயரை வைத்துக்கொண்டு கத்தியது அவளுடைய கோபம். முழங்கால் வலி, ஆஸ்பத்திரிச் சமையலறை மேலாளரின் ஏச்சு, ஓடிப்போன கூரைக்காரன், எல்லாவற்றையும் அந்த ஆண்குரலில் ஏற்றி அனுப்பிவிட்டு, வெள்ளைக் கையுறையோடு வாசலில் நின்றிருக்கிறாள். பழி மட்டும் மேசையில் உட்கார்ந்து ரொட்டி தின்றவருக்கு. அவள் வாயில் இருந்த மிட்டாய் கரைந்துவிட்டது. இன்னொன்றை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

கேள்விகள் நகர்ந்தன. ஹோசியாவுக்குச் சம்பளம் காசு சுத்தமாகத் தெரிந்திருந்தது. மளிகை, மின்சாரம், தேவாலயக் காணிக்கை எல்லாம் தெரிந்திருந்தது. இத்தனை காலம் மேசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதானே இருந்தார். படகைப் பற்றிக் கோரி கேட்டான். அந்தப் படகில் பிடித்து வருகிற மீன் வாரத்தில் பாதி நாள் சாப்பாடு, விற்றால் இறைச்சிக்கடைக்குக் கொடுக்கிற காசில் படகு விலை கரைந்துவிடும் என்று ஹோசியா விளக்கினார். கோரி கணக்குப் போட்டுப் பார்த்து, நியாயம், படகு இருக்கட்டும் என்றான்.

"இன்னொண்ணு," என்றார் ஹோசியா. "அவளோட மு... முடி. சனிக்கிழமைச் செலவு. அதைத் திருப்பிச் சேருங்க."

"அது வேண்டாம்னு உங்க மனைவியே சொல்லிட்டாங்க சார்."

"அவ வேணாம்னுதான் சொல்லுவா."

ஹோசியா எதிலோ மாட்டிக்கொண்டார். எந்த எழுத்து என்று வெர்லீனுக்கு அங்கிருந்தே தெரிந்தது. அவள் உதடுகள் தாமாகவே அந்த எழுத்துக்குத் தயாராயின. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பா... பாட்டுப் பாடிக்கிட்டே வருவா," என்றார் ஹோசியா. "சனிக்கிழமை அங்கேருந்து வரும்போது. தெரு முனையிலேயே கேக்கும். நான் கேட்டை தி... திறந்து வச்சிடுவேன். அந்தப் பாட்டு வராத வீட்டை ஏலத்துலேருந்து மீட்டு நான் என்ன பண்ண?"

கோரி சேர்த்துவிட்டேன் சார் என்றான். அதற்கு ஈடாகத் தன் புகையிலைச் செலவை எடுத்துவிடச் சொன்னார் ஹோசியா. தாழ்வாரத்தில் வெர்லீன் அழுதாள். தெரு முனையிலேயே கேட்கும் என்பதுகூட அவளுக்குத் தெரியாது. கேட் எப்போதும் திறந்திருக்கிறது என்று மட்டும் தெரியும். தாழ்ப்பாள் சரியில்லை என்று அதற்கும் அவரைத்தான் திட்டியிருக்கிறாள்.

பதினொன்றரை மணிக்குச் சான்றிதழ் வந்தது. ஹோசியா மிச்சக் கையெழுத்துகளையும் போட்டார். வக்கீலம்மா மனுவைக் கணினி வழியே பதிவு செய்துவிட்டு, ஏலம் விடுகிறவர்களுக்கும் தகவல் அனுப்பினார். இனி வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடுங்கள் என்றார். வெர்லீனுக்கு அது போதவில்லை. கோர்ட் எதிரே வண்டியை நிறுத்தச் சொல்லி, இருவரும் கண்ணாடியை இறக்கிவிட்டு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து வாட்டிய பன்றி இறைச்சி வைத்த ரொட்டியைச் சாப்பிட்டார்கள். பன்னிரண்டு அடித்ததும் ஒரு மனிதர் படியில் நின்று, யார் கேட்டால் என்ன கேட்காவிட்டால் என்ன என்ற குரலில் முகவரிகளை வாசித்தார். அவர்கள் தெருப் பெயர் வரவேயில்லை. ஹோசியா விரலைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். அந்தச் சனிக்கிழமை வெர்லீன் தலையலங்காரம் செய்துகொண்டு வந்தபோது, தெரு முனையில் திடீரென்று கூச்சப்பட்டுப் பாட்டை நிறுத்தினாள். பிறகு, கேட்டருகே ஒருவர் காத்திருப்பாரே என்று நினைத்து, மறுபடி எடுத்துப் பாடினாள்.

ஒரு மாதம் கழித்து, சம்பளத்தில் பிடித்துக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்போகிற அந்தக் கோர்ட் அதிகாரி முன்னால் ஆஜராகும் நாள் வந்தது. பெரிய கூடம், மெம்ஃபிஸில் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள். வெர்லீனின் தேவாலயத்திலிருந்தே இரண்டு குடும்பம். அவர்கள் முறை வந்ததும் வக்கீலம்மா முன்னால் அழைத்துப்போனார். கையை உயர்த்தி உண்மை சொல்வதாக உறுதி எடுத்தார்கள். பதிவுக்காகப் பெயரைச் சொல்லுங்கள் என்றார் அதிகாரி. வெர்லீன் சொன்னாள். அதிகாரி ஹோசியாவைப் பார்த்தார்.

"ஹோசியா," என்றார் அவர். பிறகு உதடு ஒட்டிக்கொண்டது.

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அதிகாரி பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, நாற்பது வருஷமாக எல்லோரும் செய்ததைத்தான் அவரும் செய்தார்: கண்ணைத் திருப்பி வெர்லீனைப் பார்த்தார். அவள் தொண்டையில் கனைப்பு தயாராக வந்து நின்றது. அவள் அதை விழுங்கினாள். அதிகாரியைப் பார்க்காமல், கூடத்தில் இருந்த மற்ற எல்லோரையும்போல அவளும் ஹோசியாவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பி... பி..." ஹோசியா கண்ணை மூடித் திறந்தார். "பிளெட்சோ."

அதிகாரி எழுதிக்கொண்டார். "நன்றி, மிஸ்டர் பிளெட்சோ. அடுத்த கேள்விக்குப் போகலாமா?"

போகலாம் என்று ஹோசியாதான் பதில் சொன்னார்.